கோயாசானில் தங்கலாமா, அங்கேயே இருந்துவிடலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. நவம்பரில் பத்து நாள் ஜப்பான் வருகிறேன், கோயாசான் மலையில் ஒரு மடத்தில் இரண்டு இரவு தங்கலாம் என்று இருக்கிறேன், அவ்வளவு தூரம் போவது பிரயோஜனமா என்பது ஒன்று. நாற்பதைத் தாண்டிய பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இப்படி ஒரு மடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறது, அந்த வாழ்க்கை நிஜத்தில் எப்படி இருக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கொஞ்சம் கூச்சத்தோடு கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு அதுதான் முதல் கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் ஒசாகாவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். கோயாசானுக்கு ஏழு முறை போயிருக்கிறேன், அதில் நாலு முறை இரவு தங்கியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போகும் இடம் அது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனதில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் கலைக்க வேண்டும். மலை உச்சியில் தன்னந்தனியாக ஒரு மடம், உள்ளே வாய் திறக்காத துறவிகள் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். கோயாசான் ஓர் ஊர். ஒசாகாவுக்குத் தெற்கே வாகயாமா மாநிலத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்தில், சிகரங்களுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் பள்ளத்தாக்கு. சுற்றியுள்ள எட்டுச் சிகரங்களைத் தாமரையின் எட்டு இதழ்கள் என்பார்கள். அதற்குள் 117 கோயில்கள். அவற்றில் ஐம்பது சொச்சம் வெளியாட்களுக்குத் தங்க இடம் கொடுக்கின்றன. இந்தத் தங்குமடத்துக்கு ஷுகுபோ என்று பெயர். கோயில்களுக்கு நடுவே பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், 1886-இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம், சாமான் கடை எல்லாம் உண்டு. மொட்டைத் தலையோடு ஒருவர் சின்ன வேனில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். அவரே மறுநாள் காலையில் பட்டு அங்கியில் உட்கார்ந்து மந்திரம் ஓதுவார். இதைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனதே அந்த முட்டைக்கோஸ் மூட்டையால்தான்.

இந்த ஊரை உண்டாக்கியவர் குகாய். 774-இல் ஷிகோகு தீவில் பிறந்தவர். 804-இல் கப்பலேறிச் சீனாவுக்குப் போனார். தலைநகர் சாங்ஆனில் ஹுய்குவோ என்ற ஆசாரியரிடம் மந்திர வழிப் பௌத்தத்தைக் கற்றார். இருபது வருஷம் இருந்து படித்துவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் குரு, வந்த சீடனுக்கு எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லிக்கொடுத்துவிட்டுச் சில மாதங்களில் இறந்துபோனார். 806-இல் குகாய் ஊர் திரும்பிவிட்டார். 816-இல் சாகா சக்கரவர்த்தியிடம் கேட்டு இந்த மலையை வாங்கிக்கொண்டார். ஷிங்கோன் என்ற பிரிவின் தலைமையிடம் இன்றைக்கும் இதுதான். ஷிங்கோன் என்றால் மெய்ச்சொல். மந்திரம் என்பதை அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார ஒரு விஷயம் இருக்கிறது. ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி தென்னிந்தியர். நாலந்தாவில் படித்தவர், காஞ்சிபுரத்தில் இருந்தவர். பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன், காலத்தில் கடல் வழியாகச் சீனாவுக்குப் போய், 720 வாக்கில் அங்கே சேர்ந்து, 741-இல் அங்கேயே இறந்தார். கோயாசானில் கொன்போன் தைதோ என்று சுமார் 48 மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புக் கோபுரம் இருக்கிறது. இப்போது நிற்பது 1937-இல் திரும்பக் கட்டியது. இடி விழுந்தும் தீப்பிடித்தும் பலமுறை அழிந்த இடம் அது. உள்ளே மூலைச் சுவர்களில் இந்தப் பரம்பரையின் எட்டு ஆசாரியர்களை எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களில் கொங்கோச்சி என்கிறவர்தான் நம் வஜ்ரபோதி. வாகயாமா மலையில், மாலை நாலு மணி வெளிச்சத்தில், காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய ஒருவரை அண்ணாந்து பார்ப்பது ஒரு விசித்திரமான சந்தோஷம். அந்த மண்டபத்தில் இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் நான் சொல்கிறேன்.

இப்படிக் கண்ணில் படும் சங்கதிகள் அங்கே நிறைய. கல்லறைகளில் பல ஐந்து கல் அடுக்கு. அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, அதன்மேல் கூரை மாதிரி ஒன்று, பிறகு அரைவட்டம், உச்சியில் மொக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் என் மாமியாரைக் கூட்டிப்போனபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் ஒரு கல் முன்னால் நின்று விரலை மடக்கினார். நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். “இது என்னடா, நம்ம பஞ்சபூதம்தானே?” என்றார். அதேதான். ஒவ்வொரு கல்லிலும் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் ஓர் அட்சரம் வெட்டியிருக்கும், அடிக்கல்லில் ‘அ’. ஷிங்கோன்காரர்களின் முக்கியமான தியானமே அந்த ‘அ’ எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதுதான். வெள்ளை நிலா வட்டம், அதற்குள் தாமரை, அதன்மேல் ஒரு ‘அ’. பெயர் அஜிகான். தலைமைக் கோயிலான கொங்கோபுஜியில் சில நாட்களில் வெளியாட்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜப்பானிய நெடுங்கணக்கு அ இ உ எ ஒ, க ச த ந என்று போவதும் இந்த எழுத்துப் படிப்பிலிருந்து வந்த ஒழுங்குதான். அரிச்சுவடியில் கைபிடித்து எழுதிய எழுத்தைக் குளிரில் காலை மடக்கி உட்கார்ந்து அரைமணி நேரம் பார்ப்பது உங்களுக்கு எப்படி இருக்குமோ, எனக்கு முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

சரி, போகும் வழி. ஒசாகா நம்பா ஸ்டேஷனில் நங்காய் கம்பெனி ரயில் ஏறினால், லிமிடெட் எக்ஸ்பிரஸில் சுமார் 80 நிமிஷத்தில் கோகுராகுபாஷி. பெயரின் அர்த்தம் சொர்க்கப் பாலம். ஹாஷிமோதோ தாண்டியதும் ரயில் மலைக்குள் முனகிக்கொண்டு ஏறும். இடையில் குதோயாமா என்று ஒரு ஸ்டேஷன் வரும், ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருங்கள். குதோ என்றால் ஒன்பது தடவை. மலைமேல் பெண்களுக்கு அனுமதி இல்லாத காலம். மகனைப் பார்க்க வந்த குகாயின் அம்மா அடிவாரத்தில் ஜிசோன்-இன் என்ற கோயிலில்தான் தங்க வேண்டியிருந்தது. அதனால் மகன் மாதம் ஒன்பது தடவை இறங்கிவந்து பார்த்துவிட்டுப் போனாராம். அதில்தான் ஊருக்குப் பெயர். ஏறி இறங்க நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும் என்பதால் ஒன்பது என்பது நிறைய தடவை என்ற அர்த்தத்தில்தான் இருக்க வேண்டும். உலகத்தை விட்டுவிட்டு மலையேறிய மனிதர் அம்மாவுக்காகத் திரும்பத் திரும்ப இறங்கினார் என்பதை ஓர் ஊர் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. துறவைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல கதைகளில் இது ஒன்று. பெண்களைத் தடுத்த விதியை 1872-இல் அரசாங்கம் எடுத்துவிட்டது, மலை அதை முழுசாக ஏற்றுக்கொள்ள 1906 ஆயிற்று. மேலே பஸ் போகும் வழியில் நியோனின்-தோ என்று ஒரு மரக் கூடம் வரும். பெண்கள் அதுவரை வந்து, உள்ளே போக முடியாமல் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிய இடம். ஏழு வாசலில் ஏழு கூடம் இருந்து, இன்றைக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

கோகுராகுபாஷியிலிருந்து கேபிள் கார் ஐந்து நிமிஷத்தில் 328 மீட்டர் ஏற்றிவிடும். மேல் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் பஸ் மட்டும்தான், அந்த ரோட்டில் நடக்க விடமாட்டார்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் என் முதல் பயணத்தில் அசடு வழிந்தேன். ஆபீஸ் முடித்து நிதானமாகக் கிளம்பி ராத்திரி ஏழரைக்குப் போய் நின்றேன். ஹோட்டல் என்றால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே சாப்பாடு ஐந்தரை மணிக்கு, ஆறு மணிக்கு அடுப்பு அணைந்துவிட்டது. வாசலில் நின்ற பிக்கு திட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. உள்ளே போய் என் சாப்பாட்டுத் தட்டைத் துணி போட்டு மூடியபடியே எடுத்துவந்து வைத்தார். எல்லாம் ஆறிப்போய் ஐஸாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். நீங்கள் மதியம் மூன்று மணிக்கெல்லாம் மேலே இருந்துவிடுங்கள்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானில் சைவக்காரர்கள் நிம்மதியாக மூச்சுவிடும் ஒரே இடம் இதுதான். கீழே எதைச் சாப்பிட்டாலும் அதன் சாற்றில் மீன் இருக்கும். இங்கே ஷோஜின் ரியோரி, அதாவது மடத்துச் சமையல். மீன், கறி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. சாறு எடுப்பது கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும். சிவப்பு அரக்குத் தட்டில் ஏழெட்டுச் சின்னக் கிண்ணம் வரும். எள்ளை அரைத்து ஒருவகைக் கிழங்கு மாவோடு கிண்டி இறுக்கிய கோமா-தோஃபு ஒன்று. வாயில் வைத்தால் கரையாமல் வழுக்கும், பல்லில் லேசாக ஒட்டும், பிறகு எள் வாசனை மேலே வரும். இன்னொன்று கோயா-தோஃபு. மலைக் குளிரில் தோஃபுவை உறையவைத்துக் காயவைத்தது. பார்க்கப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். கடித்தால் உள்ளே குடித்துவைத்த சாறு மொத்தமும் வாயில் கொட்டும். காரம் கிடையாது. இரண்டாம் நாள் ராத்திரி உங்கள் நாக்கு ஊறுகாயைத் தேடும், கொண்டுபோய் அந்தத் தட்டின் ஓரத்தில் வைக்காதீர்கள், தயவுசெய்து. பீர் வேண்டுமானால் பல மடங்களில் கிடைக்கும். அரிசி மதுவான சாகேக்கு அங்கே ஹன்யா-தோ, ‘பிரக்ஞை வெந்நீர்’ என்று ஒரு செல்லப்பெயர். குளிருக்கு ஒரு கோப்பை பரவாயில்லை என்று குகாயே விட்டார் என்பது கதை.

அறை, பாய் விரித்த தாதாமி அறை. காகிதக் கதவு. பக்கத்து அறைக்காரர் இருமினால் கேட்கும். குளியல் பொது. ஒன்பது மணிக்கு வாசல் சாத்திவிடுவார்கள். காலை ஆறு அல்லது ஆறரைக்குப் பூஜை. விருந்தாளிகள் பின்னால் உட்காரலாம், கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சில மடங்களில் அதோடு கோமாவும் உண்டு. கோமா வேறொன்றுமில்லை, ஹோமம்தான், பெயர் மட்டும் நாக்கு மாறியிருக்கிறது. சின்னச் சமித்துகளில் பெயரும் வேண்டுதலும் எழுதித் தருவார்கள். மத்தளம் அதிரும், தீ கூரையைத் தொடப் போகிற மாதிரி எழும்பும். மாமியார், எங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, “நெய் ஊத்தறா, சமித்து போடறா, எல்லாம் சரியாத்தான் பண்றா” என்று சான்றிதழ் கொடுத்தார். கட்டணம் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஓர் இரவுக்குப் பத்தாயிரம் யென்னுக்கு மேல், நல்ல அறை என்றால் இருபதாயிரத்தைத் தாண்டும். மடம் என்றால் இலவசம் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கே திகைப்பார்கள். ஒரு காலத்தில் மலைமேல் ஆயிரத்துக்கும் அதிகமான மடங்கள் இருந்தன. பிரபுக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு மடத்தை ஆதரித்தது, அந்தப் பிரபுவின் சீமையிலிருந்து வந்த யாத்ரீகர்கள் அந்த மடத்தில் தங்கினார்கள். பிரபுக்கள் போய்விட்டார்கள். கூரையை மாற்ற இப்போது நம் காசுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

நான் தங்கிய ஒரு மடத்தில் சாப்பாட்டுத் தட்டு தூக்கிவந்த பையனுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். மழை. நான் ஒருவன்தான் விருந்தாளி. தட்டை எடுக்க வந்தவர் கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்து பேசினார். அப்பாவும் பிக்கு. ஜப்பானில் 1872-க்குப் பிறகு பிக்குகள் கல்யாணம் செய்துகொள்ளலாம், கறி சாப்பிடலாம் என்று அரசாங்கமே சட்டம் போட்டுவிட்டது. அதிலிருந்து கோயில் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் குடும்பச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. இவரும் அப்படித்தான், கோயிலை எடுத்து நடத்த ஆள் வேண்டும் என்பதற்காக வந்தவர். நூறு நாள் பயிற்சியை முடித்திருந்தார். ஷிதோ கெக்யோ என்று பெயர். நான்கு கட்டம், கடைசிக் கட்டம் ஹோமம். வெளியுலகத் தொடர்பு கிடையாது. நாளுக்கு மூன்று வேளை, முட்டி போட்டு உட்கார்ந்தபடி முத்திரையும் மந்திரமும். எது கஷ்டம் என்று கேட்டேன். “முதலில் முழங்கால். அப்புறம் கோபம். கடைசியில் தூக்கம்” என்றார். கோபம் யார் மேல் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மேல், அவன் மூச்சுவிடும் சத்தத்தின் மேல் என்றார். நூறு நாள் முடிந்ததும் போனைத் திறந்தாராம், அறுநூறு சொச்சம் மெசேஜ். ஒன்றையும் படிக்காமல் மூடிவிட்டாராம். பெரிய ஞானம் வந்துவிட்டது என்று நான் வியப்பதற்குள், “மறுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன்” என்று சிரித்தார்.

அவருடைய ஒரு நாளைக் கேட்டு வாங்கினேன். நாலரைக்கு எழுந்து கூடத்தைத் திறப்பது, விளக்கு, பூஜை, விருந்தாளிகளுக்குக் காலைத் தட்டு, படுக்கை மடிப்பது, தாதாமியை ஈரத்துணியால் துடைப்பது, குளியல் தொட்டி தேய்ப்பது, இலை பெருக்குவது, மதியத்துக்கு மேல் எள் அரைப்பது, புது விருந்தாளிகள், ராத்திரித் தட்டு, பாத்திரம். நடுவில் எங்காவது ஒரு சாவு என்றால் ஓதப் போக வேண்டும். நீங்கள் மாலையில் பாய் மேல் சாய்ந்து, மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு, இந்த அமைதியிலேயே இருந்துவிடலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அந்த அமைதியை மதியம் இரண்டு மணியிலிருந்து அவர் செய்துகொண்டிருந்தார்.

நடைமுறையில் சேர முடியுமா என்றால், முடியும், வெளிநாட்டிலிருந்து வந்து பிக்கு ஆனவர்களும் கோயாசானில் இருந்திருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிச் சேரும் இடம் இல்லை அது. முதலில் உங்களைச் சீடராக ஏற்றுக்கொள்ள ஒரு குரு வேண்டும். அவர் கையால் தலைமழித்துத் தீட்சை. அதற்கு ஜப்பானிய மொழி வேண்டும், பழைய நூல் வாசிக்கும் அளவுக்கு. அதற்கு அப்புறம்தான் நூறு நாள். எல்லாம் முடிந்த பிறகு உங்களுக்கென்று கோயில் இருக்குமா என்பது வேறு விஷயம். சும்மா ஒரு ருசி பார்க்க வேண்டுமானால் தைஷி கியோகாய் என்ற கூடத்தில் தினமும் ஜுகாய் நடக்கிறது. கதவைச் சாத்தி இருட்டாக்கி, பத்து நல்லொழுக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, நம்மையும் சொல்லவைத்து, ஒரு காகிதம் கையில் கொடுப்பார்கள். அரைமணி நேரம். கொல்லாமை, களவாடாமை, பொய் சொல்லாமை என்று போகும். அந்த இருட்டில் ‘கடுஞ்சொல் பேசேன்’ என்ற வரி வந்தபோது எனக்கு ஆபீஸில் ஒருவருடைய முகம் வந்தது.

உங்களை இழுப்பது என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதில் கடவுள் இல்லை, ஞானம் இல்லை. ‘காலையில் எழுந்ததிலிருந்து எதையாவது முடிவுசெய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது’ என்று இருக்கிறது. மடத்தில் அதை மணி செய்கிறது. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, என்ன உடுத்துவது எல்லாம் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். இரண்டு இரவு அதற்குள் போய் நிற்கும்போது முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்குகிற மாதிரிதான் இருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பையன் தன் முடிவுகளை விட்டுக்கொடுத்தது ஓய்வெடுப்பதற்கு அல்ல. மூன்று மடங்கு வேலைக்கு, அதுவும் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களுடைய தட்டைக் கழுவுவதற்கு. அது உங்களுக்குப் பிடிக்குமா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு மாதம் காலை ஐந்து மணிக்கு எழுந்து வீட்டில் எல்லோருக்கும் முன்னால் பாத்திரம் கழுவிப் பாருங்கள். பத்தாம் நாள் வரும் எரிச்சல்தான் மடம். அதைத் தாண்டியும் ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள், யாரைக் கேட்பது என்று பார்ப்போம்.

பயணத்துக்கு நான் சொல்வது: போங்கள், இரண்டு இரவு சரியான அளவு. மலையில் இலை சிவக்கும் உச்சம் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம். நீங்கள் நவம்பர் நடுவில் வந்தால் மிச்சம்தான் கிடைக்கும், ஆனால் கூட்டம் குறைந்திருக்கும். ஒசாகாவைவிட ஐந்தாறு டிகிரி குளிர் அதிகம். கூடங்களில் செருப்பு கிடையாது, தரை பல்லைக் கிட்டவைக்கும், அதனால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கட்டாயம்.

முதல் நாள் மாலை கோபுரம், கொங்கோபுஜி. கொங்கோபுஜியில் ஓவியத் தடுப்புகளைப் பார்க்கத்தான் எல்லோரும் நிற்பார்கள். நீங்கள் கடைசியில் வரும் சமையலறையில் நில்லுங்கள், ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேருக்குச் சோறு வடித்த அடுப்பும் அண்டாக்களும் கரி பிடித்த விட்டமும் அங்கே இருக்கின்றன.

இரண்டாம் நாள் காலையை முழுசாக ஒகுனோயினுக்கு விட்டுவிடுங்கள். முதல் பாலத்திலிருந்து கோடிவரை இரண்டு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் வானளாவிய செடார் மரங்களுக்கு அடியில் இரண்டு லட்சத்துக்கு மேல் கல்லறைகள், நினைவுக் கற்கள். ஆயுள் முழுக்க ஒருவரோடொருவர் சண்டைபோட்ட போர்ப் பிரபுக்கள் தாகெதா ஷிங்கெனும் உஎசுகி கென்ஷினும் பாதையின் எதிரெதிர்ப் பக்கம் இருக்கிறார்கள். பூச்சி ஒழிப்புத் தொழில்காரர்கள் சேர்ந்து கரையானுக்கு வைத்த நினைவுக்கல்லும் பக்கத்துத் தோட்டத்தில் உண்டு, ‘அமைதியாகத் தூங்குங்கள்’ என்று எழுதியிருக்கும். கோடியில் குகாய். 835-இல் அவர் இறந்துவிட்டதாக இந்த மலை ஒத்துக்கொள்வதில்லை. தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அதனால் அவருக்குத் தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும் சாப்பாடு போகிறது.

பத்து இருபதுக்கெல்லாம் கடைசிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுங்கள். பாலத்தைத் தாண்டினால் போட்டோ எடுக்கக் கூடாது, தொப்பி போடக் கூடாது. இடப்பக்கச் சமையல் கூடத்திலிருந்து மஞ்சள் அங்கியில், மூச்சுப் படாமல் இருக்க வெள்ளைத் துணியால் வாயை மூடிக்கொண்டு, இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வருவார்கள். முன்னால் ஒருவர் நடப்பார். பக்கத்தில் ஜிசோ என்ற போதிசத்துவருக்குச் சின்னதாக ஒரு சன்னதி, சாப்பாட்டை ருசி பார்க்கும் ஜிசோ. பெட்டியை முதலில் அவர் முன்னால் வைப்பார்கள். ருசி பார்த்தாயிற்று என்றதும் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டுவார்கள், அவசரம் இல்லாமல், பேச்சு இல்லாமல். நான் பார்த்த ஒரு நாள் நல்ல மழை, பின்னால் வந்தவருடைய மிதியடி வழுக்கியது. கை பெட்டியை இறுக்கியது, பெட்டி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெறும் பெட்டியோடு அதே வழியில் திரும்பி வந்து, சமையல் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதற்கு அப்புறம் ஊருக்குள் போக பஸ் இருக்கிறது.